கைநாட்டும் கைரேகையும்: குற்றவியல் படிப்பின் கடன் கணக்கை முன்வைத்து

போன கோடையில் எங்கள் காலனியிலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் என்னைத் தேடி வந்தார்கள். பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கையில் ஒரு தனியார் கல்லூரியின் துண்டறிக்கை. வழவழப்பான தாள். மேலே ஒரு பூதக்கண்ணாடி, அதற்குள் பெரிதாக ஒரு கைரேகை, பக்கத்தில் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன். பி.எஸ்சி. குற்றவியல் படித்தால் புலனாய்வுத் துறையே வாசலில் வந்து காத்துக் கிடக்கும் என்கிற தோரணை. இன்னொரு கையில் வங்கியில் வாங்கிய கல்விக் கடன் விண்ணப்பம்.

"அண்ணா, வருஷத்துக்கு ஒரு லட்சம் ஆவுமாம். கடன் வாங்கிப் படிச்சா அடைச்சிட முடியுமா?" என்று அவள் கேட்டாள். அவள் அம்மா கேட்டது வேறு. "தம்பி, இதுல எங்கெங்க கைநாட்டு வைக்கணும்னு மட்டும் சொல்லிடுப்பா."

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன். ஓர் இலக்கியப் பத்திரிகையில் கடன் விண்ணப்பத்துக்கும் கல்லூரி நோட்டீசுக்கும் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். கவிதையும் நாவலும் மட்டுந்தான் பிரதி என்று யார் சொன்னது? சேரி மக்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த பிரதிகள் பட்டாவும் புரோநோட்டும் முதல் தகவல் அறிக்கையும்தான். இவற்றை எழுதியவர்கள் நாம் அல்ல. கைநாட்டு வைத்தவர்கள் மட்டும் நாம். ஆகவே விமர்சனம் இங்கிருந்து தொடங்குவதில் தப்பில்லை.

1

முதலில் கணக்கு. கணக்கைப் பார்ப்பது கேவலம், கல்வி என்பது அறிவுக்காக என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று தலைமுறையாகச் சோற்றுக் கவலை இல்லாதவர்கள் பேசுகிற பேச்சு அது. நமக்குக் கணக்குத்தான் முதல் பாடம்.

வருஷத்துக்கு ஒரு லட்சம், மூன்று வருஷம், வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை ஈட்டுச் சொத்து கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. "படிக்கும்போது ஒண்ணும் கட்ட வேணாம்" என்று சொல்லுவார்கள். கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி ஏறாது என்பது உண்மையில்லை. முதல் வருஷம் வாங்கிய லட்சத்துக்கு நான்கு வருஷ வட்டி 40,000. இரண்டாவது லட்சத்துக்கு 30,000. மூன்றாவதுக்கு 20,000. ஆக, முதல் தவணை கட்டப் போகும் நாளில் அவள் கடன் 3 லட்சம் அல்ல, 3,90,000. இதை ஏழு வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் ஏறத்தாழ 6,475 ரூபாய். மொத்தம் 5 லட்சத்து 44 ஆயிரம் போகும். தவணை பெரிசாக இருக்கிறது, பதினைந்து வருஷமாக நீட்டிக் கொடுங்கள் என்று கேட்டால் மாதம் 4,190 ஆகக் குறையும். மொத்தம் 7 லட்சத்து 54 ஆயிரமாக ஏறும். வாங்கியது மூன்று, கொடுப்பது ஏழரை. மேலத்தெரு கந்துவட்டிக்காரனிடம் இதைவிட மோசம் என்பது வேறு விஷயம்.

வட்டிக்கு மானியம் உண்டே என்பார்கள். 2009இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த வட்டி மானியத் திட்டம் தொழில்நுட்பப் படிப்புகளையும் தொழிற்படிப்புகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. பொறியியல், மருத்துவம் என்றால் கேள்வியில்லை. குற்றவியல் தொழிற்படிப்பா, வெறும் அறிவியல் பட்டமா? துண்டறிக்கையில் அது தொழிற்படிப்பு. வங்கி மேலாளரின் மேசையில் அது என்னவாகும் என்பதைச் சேர்வதற்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

2

இனி வரவு. குற்றவியல் படித்தால் போலீஸ் வேலை என்றுதான் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். துண்டறிக்கையும் அந்த நினைப்பில்தான் பிழைக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், அடிப்படைச் சம்பளம் 18,200இல் தொடங்குகிறது. உதவி ஆய்வாளராக ஏதாவதொரு பட்டம் போதும், தொடக்கம் 36,900. ஏதாவதொரு பட்டம் என்றால் தமிழ், வரலாறு, விலங்கியல் எதுவும். உதவி ஆய்வாளர் ஆகிவிட்டால் 6,475 ரூபாய் தவணை ஒரு சுமையே இல்லை, சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அந்த வேலைக்கு அரசுக் கலைக் கல்லூரியில் வருஷத்துக்குச் சில ஆயிரம் கட்டி வரலாறு படித்த பெண்ணும் போட்டி போடுவாள். இருவருக்கும் ஒரே தேர்வு, ஒரே ஓட்டம், ஒரே சம்பளம். ஒருத்திக்கு மட்டும் மூன்று லட்சம் கடன். அப்படியானால் அந்த மூன்று லட்சம் எதை வாங்கியது?

வேறு வேலைகள்? குற்றவாளி நன்னடத்தைச் சட்டம் 1958இல் வந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இல் புதிதாக எழுதப்பட்டது. இரண்டும் சிறைக்கு வெளியே மனிதரைத் திருத்தவும் காக்கவும் ஆட்கள் வேண்டும் என்கின்றன. குற்றவியல் படித்தவர் செய்ய வேண்டிய வேலை உண்மையில் இதுதான். ஆனால் இந்த ஆட்களை அரசு எப்படி எடுக்கிறது? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பெரும்பாலும் ஒப்பந்தம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் மாதத் தொகுப்பூதியம் 18,536. களப்பணியாளருக்கு 10,592. 18,536இல் 6,475 தவணைக்குப் போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. மீதி பன்னிரண்டாயிரத்தில் மாவட்டத் தலைநகரில் வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்குக் கொஞ்சம். 10,592இல் என்ன மிஞ்சும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது தனியார் துறை. வங்கிகளிலும் கம்பெனிகளிலும் மோசடி கண்டறியும் பிரிவுகள் இருக்கின்றன, நல்ல சம்பளமும் இருக்கிறது. அங்கே முதலில் பார்ப்பது ஆங்கிலம். அடுத்தது கணக்கியல், கணினி. துண்டறிக்கையில் இருக்கும் அந்தக் கைரேகையும் பூதக்கண்ணாடியும் தடயவியல். அது வேறு படிப்பு. ஆய்வுக்கூடத்து வேலைக்கு வேதியியல், உயிரியல், இயற்பியல் வேண்டும். குற்றவியல் என்பது குற்றம் ஏன் நடக்கிறது, தண்டனை என்ன செய்கிறது என்று கேட்கிற சமூக அறிவியல். ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பதற்கு என்ன பெயர் என்று குற்றவியல் பாடப்புத்தகத்திலேயே தேடலாம்.

3

இதுவரை போட்டது எல்லோருக்குமான கணக்கு. எல்லோருக்குமான கணக்கு என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. கடன் ஒரு பக்கம், சம்பளம் ஒரு பக்கம் என்று கோடு போடுகிற எவரும் சாதிக்கு ஒரு பத்தி ஒதுக்குவதில்லை.

நான்கு லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது விதி. விண்ணப்பத்தோடு போகிறவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று விதிக்குத் தெரியாது, மேலாளருக்குத் தெரியும். "அரசு வேலையில யாராவது ஜாமீன் போடுவாங்களாம்மா?" என்று கேட்பார். ஊர்த்தெருப் பையனுக்கு மாமா ஒருத்தர் இருப்பார், கூட்டுறவு சங்கத்துக்காரர் ஒருத்தர் இருப்பார். நமக்கு நூறுநாள் வேலை அட்டை இருக்கும். வேலை கிடைக்கத் தாமதமாகும் மாதங்களை இன்னொருவன் அப்பா வீட்டுச் சோற்றில் ஓட்டுவான். நம் பிள்ளை அந்த மாதங்களில் துணிக்கடைக்குப் போவாள், படித்ததை மறப்பாள். தவணை தவறினால் அம்மாவின் பெயரும் கடன் மதிப்பீட்டுப் பட்டியலில் கெட்டுப்போகும். அதற்குப்பின் தம்பிக்குக் கடன் கேட்டால் கிடைக்காது.

2016இல் மதுரையில் பொறியியல் முடித்த ஓர் இளைஞர் தற்கொலை செய்துகொண்டார். கடன் 2 லட்சத்துக்கும் குறைவு. வசூலிக்கிற வேலையைப் பொதுத்துறை வங்கி ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. பெருமுதலாளி கட்டாத கடனுக்கு வாராக்கடன் என்று பெயர். வானம் பெய்யவில்லை என்பதுபோல அது தானாக வராமல் போய்விட்டது. கூலிக்காரன் மகன் கட்டாத கடனுக்கு அவன் வீட்டு வாசலில் ஆள் நிற்பான். மொழியே வேறு.

இங்கே பாபாசாகேப் அம்பேத்கரின் கடனை நினைக்காமல் இருக்க முடியாது. அவரை அறிவின் சின்னமாகச் சிலை வைத்துவிட்டோம், அவர் ஒரு கல்விக் கடனாளி என்பதை மறந்துவிட்டோம். 1913இல் பரோடா அரசர் உதவியில் கொலம்பியா போனபோது மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுக்கு. பதிலுக்குப் பத்தாண்டு பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம். 1917இல் ஒப்பந்தத்தை மதித்து வேலைக்குப் போனார். பரோடாவில் அவருக்கு யாரும் வீடு தரவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். கண்டுபிடித்துத் தடிகளோடு வந்து விரட்டினார்கள். பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். வேலையை விட்டார். பரோடா அரசோ செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்டது. 1920இல் மறுபடி லண்டன் போக நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் ஒப்பந்தத்தை மீறியது யார்? தாளில் பார்த்தால் அம்பேத்கர். நடந்ததைப் பார்த்தால் பரோடா நகரம். படித்தவன் சம்பாதிப்பான், சம்பாதித்து அடைப்பான் என்பதுதான் எல்லாக் கல்விக் கடனின் அடிப்படை. படித்தவனுக்கு உட்கார இடம் கொடுக்காத சமூகத்தில் அந்த அடிப்படையே பொய். அப்போது கடன் தவறுவது தனிமனிதனின் ஒழுக்கக்கேடு அல்ல, சாதியின் வேலை. ஆனால் வங்கியின் பேரேட்டில் கையெழுத்து நம்முடையதாகத்தான் இருக்கும்.

4

இனி அந்தத் துண்டறிக்கையின் கைரேகைக்கு வருவோம். கைரேகை எங்கிருந்து வந்தது? 1858இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குச் சரளை சப்ளை செய்ய ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழுக் கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதித்தார். பின்னால் பேச்சு மாறக் கூடாது என்பதற்காக. அதாவது கைரேகை முதலில் பிடித்தது கொலைகாரனை அல்ல, ஒப்பந்தக்காரனை. 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் வந்தது. ரேகைகளை வகை பிரிக்கும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். உலகம் அதை எட்வர்டு ஹென்றி முறை என்று மேலதிகாரி பெயரால் அழைக்கிறது.

நம் பக்கத்துக்கு அது எப்படி வந்தது? 1876இல் இத்தாலியின் லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளியை மண்டையோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார். குற்றவியலின் பிதாமகர்களில் ஒருவர் அவர். இங்கோ அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1871இல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. பிறப்பைப் பார்த்துக் குற்றவாளி என்று சொல்ல மண்டையை அளக்க வேண்டியதில்லை, சாதியின் பெயரே போதும். 1892இல் முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்தின் குற்ற வகுப்பார்கள் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1911இன் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர்கள் உட்படப் பல சமூகத்தார் போலீசில் ரேகை வைக்க வேண்டியதாயிற்று. மதுரைப் பக்கம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தப் பேரன்களில் சிலர் இன்று நம் தெருவுக்குள் அரிவாளோடு வருகிறார்கள் என்பதும் வரலாறுதான். அதற்காக அந்தப் பதினாறு சாவை நாம் மறைக்க மாட்டோம். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ஒழிந்தது. பழக்கம் ஒழியவில்லை. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் இராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டதை ஜெய்பீம் படம் 2021இல் நினைவூட்டியது. படத்தில் அவர் இருளர் ஆக்கப்பட்டார், குறவர் என்ற பெயர் காணாமல் போனது.

இந்தக் குற்றவியல் எந்தப் பக்கம் பார்க்காது என்பதையும் சொல்ல வேண்டும். கீழ்வெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்த வழக்கில் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. காரும் நிலமும் உள்ள கௌரவமான மனிதர்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். குறவர் பிறந்ததனாலேயே குற்றவாளி. மிராசுதார் பிறந்ததனாலேயே நிரபராதி. இரண்டும் ஒரே கோட்பாடுதான். வாச்சாத்தியில் 1992இல் நடந்ததற்கு 215 அரசு ஊழியர்கள் 2011இல் தண்டிக்கப்பட்டு, 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீருடை போட்ட 'குற்றப் பரம்பரை' பற்றிப் பாடத்திட்டத்தில் எத்தனை பக்கம்?

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். 2024 அக்டோபர் 3இல் சுகன்யா சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம், சாதி பார்த்து வேலை ஒதுக்கும் சிறை விதிகள் செல்லாது என்றது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்த வழக்கும் அத்தீர்ப்பில் பேசப்படுகிறது. அந்த நெல்லையில்தான் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையும் இருக்கிறது.

ஆகவே கடன் யார் யாருக்குப் பட்டிருக்கிறார்கள் என்கிற கேள்வி தலைகீழாகிறது. ரேகையும் உடம்பும் கொடுத்து இந்தத் துறையை வளர்த்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்கள். இன்று அதே மக்களின் பிள்ளை அதைப் படிக்க, தாய் மறுபடி கட்டைவிரலை மையில் வைக்க வேண்டும்.

5

இப்படி எழுதிவிட்டு, ஆகவே நம் பிள்ளைகள் குற்றவியலுக்குள் புகுந்து அதை மாற்ற வேண்டும் என்று முழக்கத்தோடு முடிப்பது சுலபம். அந்தச் சுலபத்தை நான் விரும்பவில்லை. முழக்கம் தவணை கட்டாது. நான் எம்.ஏ. தமிழ். படிக்கிற காலத்தில் அடைக்க முடியுமா என்று எனக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை, சமுதாயத்துக்காகப் படி என்றுதான் சொன்னார்கள். சமுதாயம் நல்லது. ஆனால் மாதம் அஞ்சாம் தேதி அது வராது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். குற்றவியல் படிக்க வேண்டிய படிப்பு. நம்மவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மூன்று லட்சம் கடனில் இளங்கலையாகப் படிக்க வேண்டியதில்லை. அரசுக் கல்லூரியில் சமூகவியலோ வரலாறோ படி. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால், 2021 வழிகாட்டுதல்படி பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உன் உரிமை. தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அது கிடையாது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம், மூன்று வருஷத்தில் 36,000. அது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்திலோ நெல்லையிலோ எம்.ஏ. குற்றவியல். அதற்கு ஏதாவதொரு பட்டம் பெரும்பாலும் போதும். அல்லது சட்டக் கல்லூரி. அப்போதும் கடன் வேண்டுமென்றால் சிறிய கடன் வாங்கு. எந்தக் கல்லூரியானாலும், போன இரண்டு வருஷத்தில் படித்து முடித்தவர்கள் யார், எங்கே, என்ன சம்பளம் என்று பெயரோடு கேள். அவர்களில் நான்கு பேரையாவது நேரில் பார். அவர்கள் உண்மையில் ஒரு வருஷத்தில் வாங்குகிற சம்பளத்தைவிட உன் மொத்தக் கடன் கூடுதலாகப் போனால் கையெழுத்துப் போடாதே.

"அந்தக் காலேஜுல லேப் எல்லாம் இருக்குண்ணா" என்றாள். அவள் முகம் வாடிவிட்டது. புலனாய்வு செய்கிற ஒரு பெண்ணாகத் தன்னை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அந்த ஆசையைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மேட்டுத்தெருப் பிள்ளைக்கு ஆசை முதலில், கணக்கு பிறகு. நம் பிள்ளைக்கு மட்டும் கணக்கு முதலில். இது அநியாயம் என்று தெரிந்தே சொன்னேன்.

தனியாளுக்குச் சொல்லும் யோசனை அரசியல் ஆகாது. கேட்க வேண்டியதை அரசிடம் கேட்க வேண்டும். நன்னடத்தை, குழந்தைகள் பாதுகாப்பு, சிறை நலப் பணிகளை ஒப்பந்தத்திலிருந்து நிரந்தரமாக்கி, குற்றவியல் படித்தவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். வட்டி மானியத்தைக் கலை, அறிவியல் படிப்புகளுக்கும் நீட்ட வேண்டும். உதவித்தொகை படிப்பு முடிந்தபிறகல்ல, கட்டணம் கட்டும் நாளில் வர வேண்டும். கல்விக் கடன் வசூலைத் தனியாரிடம் விடுவதை நிறுத்த வேண்டும். பாடத்திட்டத்தில் ரேகைச் சட்டமும் வெண்மணியும் வாச்சாத்தியும் பாடங்களாக வேண்டும்.

அவள் அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்தேன். கூட்டுக் கடனாளி என்று போட்ட இடங்களைக் காட்டினேன், ஆனால் அன்றைக்கு வைக்க வேண்டாம் என்று சொல்லித் தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். கடன் வாங்கிப் படித்தவர்கள், அடைத்தவர்கள், அடைக்க முடியாமல் ஊரைவிட்டுப் போனவர்கள் இதைப் படித்தால் உங்கள் கணக்கை எழுதுங்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள், யார் வாசலில் வந்து நின்றார்கள். வங்கியின் பேரேட்டில் இல்லாத அந்தப் பத்தியை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.